கிறிஸ்துமஸுக்கு ஊர், ஈஸ்டருக்குச் சபை

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எழும்பூரிலிருந்து கிளம்பும் நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை பரவிக்கிடக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் அந்த ரயில்களில்தான் இருப்பார்கள். அரையாண்டு விடுமுறை, பாட்டி வீடு, ஊர்க்கோயில் ஆராதனை என்று கிறிஸ்துமஸ் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ஈஸ்டருக்கு அப்படிப் புறப்பட முடியாது. புனித வெள்ளி ஒருநாள் விடுமுறை, சனிக்கிழமை பலருக்கு அரைநாள் வேலை, திங்கட்கிழமை காலையில் மறுபடி ஷிப்ட். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு அல்லது முழு ஆண்டுத் தேர்வு. ஆகவே பட்டாபிராம் போன்ற இடத்தில் கிறிஸ்துமஸ் பிறந்த ஊரின் பண்டிகை, ஈஸ்டர் பிழைக்க வந்த ஊரின் பண்டிகை. புறநகர்ச் சபை ஒன்றின் ஐக்கியம் எப்படி உண்டாகிறது என்று அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது சாம்பல் புதனிலிருந்து பெந்தெகொஸ்தே வரைக்குமான வாரங்களை என்பது என் எண்ணம். நட்சத்திரம் கட்டிய டிசம்பர் மாதத்தில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை.

பட்டாபிராம் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த இடம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இன்றும் நகரத்திலிருந்து வரும் மின்ரயில்களில் சில மிலிட்டரி சைடிங்கோடு நின்றுவிடுகின்றன. பெயரே சொல்வதுபோல அது ராணுவக் கிடங்குகளுக்காகப் போட்ட கிளைப் பாதை. பக்கத்து ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிசப் பாணிச் சமுதாயத்தைத் தீர்மானமாக எழுதியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தீர்மானம் தொழிற்சாலைகளாகவே வந்து இறங்கியது என்று சொல்லலாம். கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது, 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் இடையில் 1969இல் இந்துக் கல்லூரி வந்து, அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமும் ஆயிற்று. ஃபிட்டர், டர்னர், வெல்டர், தையல்காரர், கிளார்க், நர்ஸ், டீச்சர் என்று தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் தங்கினார்கள், பிறகு ஏரியோரத்திலும் வயல்வெளியிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களோடு அவர்களுடைய ஞானப்பாட்டுப் புத்தகமும் வந்தது.

வந்தவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுக்கு முன்பே சபைகள் இருந்தன. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனின் வில்லியம் கௌடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேலை செய்தார். சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சபையில் சேர்ந்த காலம் அது. அப்போது இந்தப் பகுதி முழுவதும் செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் நாம் பேசுவதற்கு அடி. கௌடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ருவும் அந்த விவாதத்தில் நேரடியாக இறங்கியவர்கள். ஆக இந்த வட்டாரத்து உள்ளூர்க் கிறிஸ்தவத்தின் நினைவில் நிலமும் கூலியும் வீட்டுமனையும் இருக்கின்றன. நெல்லைச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவத்தின் நினைவில் பள்ளிக்கூடமும் பனையும் ஊர்க்கோபுரமும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரகேஷனல் மரபுகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது தாள்களில் நடந்த இணைப்பு, ஆவடியிலும் பட்டாபிராமிலும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய அவசியமாக வந்து சேர்ந்தது.

இவற்றோடு கத்தோலிக்கப் பங்குகள், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபைகள், ஒரு வீட்டு ஹாலில் தொடங்கி மொட்டைமாடிக்கு ஷீட் போட்டு வளர்ந்த தனிச் சபைகள். தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பதால் மாடியிலேயே பல ஆண்டுகள் கழிக்கும் சபைகள் உண்டு. இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் திருநின்றவூரில்தான் பூசலார், கையில் காசில்லாமல் மனத்திலேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். இந்த மாடிச் சபைக்காரர்களுக்கு அந்த நாயனார் கதையைச் சொன்னால் நன்றாகவே புரியும்.

லெந்து நாட்கள் நாற்பது என்பது கணக்கு. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு வரும். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் கூடாது என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுவார்கள். இந்த நாட்களில் புறநகர்ச் சபை கட்டடத்தை விட்டு வீடுகளுக்குள் போகிறது. காட்டேஜ் பிரேயர் என்று சிலர் சொல்வார்கள், வீட்டு ஜெபம் என்று சிலர். கத்தோலிக்கர்களுக்கு அன்பியக் கூட்டம். இன்று இந்த நகர், நாளை அந்த நகர் என்று பட்டியல் போட்டு ஆலய வாசலில் ஒட்டியிருக்கும். மாலை ஏழரைக்கு என்று போட்டிருந்தாலும் எட்டுக்குத்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் செகண்ட் ஷிப்ட் போகாதவர்கள் ரயிலைவிட்டு இறங்கி வர வேண்டும்.

ஐக்கியம் என்று பிரசங்கத்தில் சொல்லப்படுவது கைக்கு எட்டுகிற பொருளாக மாறுவது இந்த வீடுகளில்தான். வாசலில் இருபது முப்பது ஜோடிச் செருப்பு. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் கேட்காமலேயே நாலு பிளாஸ்டிக் நாற்காலி தந்திருக்கும். ஹாலில் இடமில்லாமல் சமையலறை வாசல்வரை பெண்கள் தரையில். ஆண்கள் நாற்காலியில், வாலிபர்கள் மாடிப்படியில். பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாட்டி ஒருவர் கீர்த்தனையை எடுத்துவிடுவார். அவர் எடுத்த ஸ்ருதிக்கு யாரும் போக முடியாது, ஆனாலும் எல்லாரும் போவார்கள். ஜெப விண்ணப்பங்கள் சொல்லும் நேரம் முக்கியமானது. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட், ஒருவருக்கு வீட்டுக் கடன். ஒரே கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்தும் தெரியாத விஷயங்கள் அங்கே வெளியே வரும். கடைசியில் சுண்டல், டீ. லெந்து நாளில் பலகாரம் வேண்டாம் என்று ஆயர் ஒவ்வொரு வருஷமும் சொல்வதும், வடை ஒவ்வொரு வருஷமும் வருவதும் நடக்கிற கதை.

யார் வீட்டில் கூட்டம் நடக்கிறது, யார் வீட்டில் டீ குடிக்காமல் நழுவுகிறார்கள் என்பதை அந்தத் தெருவில் எல்லாரும் கவனிப்பார்கள். இந்தக் கவனிப்புக்கு முந்நூறு வருட வரலாறு இருக்கிறது.

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. சிலுவை வடிவக் கட்டடம். அதற்குள் சாதிக்கேற்ற தனித்தனி இருக்கைகள் இருந்தன. ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்ற போதனையும் தனித்தனிப் பாயும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாகவே ஓடின. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முழுமையாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னமே தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், புதிய மிஷனரிமார் செய்யும் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டு எழுதியிருந்தார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்வது, விசேஷங்களில் பூவை விலக்குவது, கோயிலில் தமிழ் இசையைத் தடுப்பது என்பவை அவை.

இந்த நான்கு புகார்களும் இன்று என்ன ஆயின என்று பார்ப்பது சுவாரசியமானது. வேத மொழிபெயர்ப்பு விஷயத்தில் அவர் தோற்றார். அவர் உயர்வாக மதித்த பெப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பை லுத்தரன்கள் நெடுநாள் கைவிடாமல் வைத்திருந்தார்கள், மற்ற சபைகளில் 1871இல் வந்த பவர் குழுவின் வேதாகமம் நிலைத்துவிட்டது. பூவில் அவருக்கு வெற்றி. ஈஸ்டர் அன்று பீடத்தில் சம்பங்கியும் ரோஜாவும் இல்லாத சபை அரிது. இசையில் முழு வெற்றி. லெந்து நாட்களில் இந்தப் புறநகரில் எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் அவருடைய கீர்த்தனை ஒன்றாவது காதில் விழும், யாருடைய பாட்டு என்று தெரியாமலே பாடுவார்கள். சாதிகள் கலந்து உட்காரக் கூடாது என்று வாதாடியவரின் பாட்டைத்தான் கலந்து உட்கார்ந்தவர்கள் பாடுகிறார்கள். சாஸ்திரியார் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ.

உட்காருவதைவிடச் சாப்பிடுவது கடினமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சகோதரர்கள் ஆதித் திருச்சபையின் அன்பின் விருந்தை 1727இல் மீட்டெடுத்தார்கள். ரொட்டியும் பானமும் வைத்து, பாடி, சாட்சி சொல்லி, சேர்ந்து சாப்பிட்டுக் கலையும் எளிய கூட்டம். ஜான் வெஸ்லி அவர்களிடம் அதைக் கண்டு மெதடிஸ்டுகளுக்குள் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் பக்தியின் இனிய பழக்கமாக இருந்த இது தமிழ்நாட்டில் பரீட்சையாக மாறிற்று. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் ஊழியர்கள் சாதியை விட்டுவிட்டார்களா என்று அறிய அன்பின் விருந்தை வைத்தது. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்று தீர்மானம் போட்டது. கார்ல் கிரௌலின் தலைமையிலான லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இவ்வளவு கடுமை கூடாது என்று ஒதுங்கி நின்றது, மனத்தாங்கலோடு இருந்த பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்திலும் இதே பந்திச் சண்டைதான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று அவர் கடிந்துகொள்கிறார்.

சமீப காலத்து வரலாறும் இதில் ஆறுதல் தருவதாக இல்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுந்திருந்தது. 2008இல் ஈஸ்டர் மார்ச் 23. அதற்கு இரண்டு வாரம் முன்பு, தவக்காலத்து ஞாயிறான மார்ச் 9 அன்று, விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் தவிர அன்று அங்கே நின்ற இரண்டு தரப்பும் அதே சிலுவைப்பாதையை நடந்தவர்கள்.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டாபிராம் பக்கத்துச் சபைகளின் புனித வெள்ளிக் கஞ்சியைப் பார்க்கிறேன். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். பெண்கள் ஐக்கியத்துக்கு ஒன்று, வாலிபருக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் போதகருக்கு ஒன்று என்று ஒதுக்குவதில் கமிட்டிக்கு ஏற்படும் தலைவலி தனி. ஏப்ரல் வெயிலில், மின்விசிறிக் காற்றும் சூடாக வரும்போது, ஆராதனை முறைமைத் தாளையே விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாகத்தைப் பற்றிய ஐந்தாவது வார்த்தை ஏறத்தாழ இரண்டு மணிக்கு வரும். அந்தப் பிரசங்கத்துக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மூன்று மணிக்கு மேல் ஆலய வளாகத்தில் கஞ்சி. காலையிலிருந்தே அண்டா அடுப்பில் இருக்கிறது. பச்சரிசி, பாசிப்பயறு, வெந்தயம், உரித்த பூண்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளத் துவையலும் ஊறுகாயும். அண்டாவைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்டால் இந்த ஊரின் குடியேற்ற வரலாறு விளங்கும். “எங்க ஊர்ல பயறத் தனியா அவிச்சுல்லா வைப்போம், இப்படிப் போட்டுக் குழைச்சா கஞ்சின்னே சொல்லமாட்டாவ” என்பார் தெற்கிலிருந்து வந்த ஓர் அம்மா. “இங்க எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போடுவோம்க்கா, அண்டா ஒண்ணுதானே இருக்கு” என்று உள்ளூர்க்காரர் கிண்டிக்கொண்டே பதில் சொல்வார். பொருள் யார் வாங்கித் தந்தது என்று அறிவிப்பு உண்டு. யார் கிண்டியது என்று யாரும் கேட்பதில்லை, அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டதுதான் 1850க்குப் பிறகு நடந்த மாற்றம். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் புனித வெள்ளி ரம்ஜான் மாதத்துக்குள் வந்தது. அதனால் பகலில் ஆலயத்தில் கஞ்சி, மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி என்று ஒரே நாளில் இரண்டும் கொதித்தன.

திருநெல்வேலிச் சபைகளின் அசனத்தோடு இதை ஒப்பிட வேண்டும். அசனம் ஊர்ப் பெருவிருந்து. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாக, வெளியூரிலிருந்து வந்த சொந்தபந்தம், பக்கத்து ஊர் இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் உட்காரும் பந்தி. அங்கே கொடுக்கிறவர்கள் ஊர்க்காரர்கள், வருகிறவர்கள் விருந்தாளிகள். புறநகரில் எல்லாரும் விருந்தாளிகள் என்பதால் அசனத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் அதன் ஊர்த்தன்மை வருவதில்லை. கஞ்சியில் அந்தச் சிக்கல் இல்லை, அதில் யாருக்கும் பெருமை இல்லை. ஒரு கிண்ணம் கஞ்சியை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகலாம். ஈஸ்டர் அன்று பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் சபைகளில், பொட்டலத்தை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஐக்கியத்துக்குப் பிரியாணியைவிடக் கஞ்சி மேல் என்று சொன்னால் வாலிபர் சங்கம் என்னோடு சண்டைக்கு வரும், ஆனாலும் சொல்கிறேன்.

புறநகரில் சாதி கரைந்துவிட்டது என்று இதையெல்லாம் வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். பந்தியிலிருந்து விரட்டப்பட்டது மணமகன் தேவை விளம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கமிட்டித் தேர்தல் வந்தால் எந்த ஊர்க்காரர் எந்த அணி என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே அண்டாவில் கஞ்சி குடித்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் காதலித்தால் அப்போதுதான் அசல் சோதனை. தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக அவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சபைக்குள் சாதி இருக்கிறது என்பதை அனுபவிக்கிறவரிடம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சட்டம் சொல்கிறது.

ஈஸ்டர் விடியலுக்கு வருவோம். கத்தோலிக்கர்கள் சனி இரவே திருவிழிப்புக்குப் போய்விடுவார்கள். விளக்கெல்லாம் அணைத்து, புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, கையிலிருந்து கைக்கு மெழுகுவர்த்திச் சுடர் போகும். அவர்கள் நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும் அதே தெருவில் சி.எஸ்.ஐ. வீடுகளில் மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும். நாலு அல்லது நாலரைக்கு அதிகாலை ஆராதனை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. ஆக ஆண்டின் மிகப் பெரிய அறிவிப்பை இந்தச் சபைகள் குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இது நல்லதாகவே படுகிறது. இருட்டில் நடந்து வரும் குடும்பங்களின் பேச்சுச் சத்தமும், மொபெட்டை அணைக்கும் சத்தமும், உள்ளேயிருந்து மெல்லக் கேட்கும் ஆர்மோனியமும் போதும்.

அந்த நேரத்தில் வானத்தில் தேய்பிறை நிலா நிற்கும், அநேகமாக எந்த வருஷமானாலும் நிற்கும். 325இல் நைசியாவில் கூடிய பேராயர்கள் எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்த பின் நிலைத்த கணக்கு, மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது. பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்துக்குள் ஈஸ்டர் வந்துவிடும். பங்குனி உத்திரமும் இதே நிலாவைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வருகிறது. 2024இல் உத்திரம் மார்ச் 25, புனித வெள்ளி 29. காவடி போன தெருவில் நாலாம் நாள் சிலுவைப்பாதை போகும். அந்த வருஷத்து ஈஸ்டர் மார்ச் 31இல் வந்ததால் இன்னொரு கூத்தும் நடந்தது. நிதியாண்டின் கடைசி நாள் என்று அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிக் கிளைகளை ரிசர்வ் வங்கி ஞாயிறன்றும் திறக்கச் சொல்லிவிட்டது. வங்கியில் வேலை செய்யும் கிறிஸ்தவர்கள் விடியற்கால ஆராதனையை முடித்துக்கொண்டு நேரே வேலைக்குப் போனார்கள்.

விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டே போவது தென்மாவட்டச் சபைகள் பலவற்றின் வழக்கம். இதுவும் ஹெர்ன்ஹூட் வரைக்கும் பின்னோக்கிப் போகும் மரபு. 1732 ஈஸ்டர் காலையில் அந்த ஊர் இளைஞர்கள் சூரியன் உதிக்குமுன் கல்லறைக் குன்றுக்குப் போய்ப் பாடியதிலிருந்து சூரியோதய ஆராதனை பரவியதாகச் சொல்வார்கள். அதே மொராவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறியிருந்தார்கள். தெற்கே கோயிலும் கல்லறையும் அடுத்தடுத்து இருக்கும், தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். புறநகர்ச் சபைக்கு இந்த வசதி இல்லை. முதல் தலைமுறையினர் பலரை வண்டி வைத்து ஊருக்கே கொண்டுபோனார்கள். சென்னைக்குள் கீழ்ப்பாக்கம் கல்லறை எப்போதோ நிரம்பி, பழைய குழியையே மறுபடி தோண்டும் நிலைக்கு வந்துவிட்டது. புறநகரில் அடக்கத்துக்கு ஆறடி இடம் தேடுவது சபைக் கமிட்டிகளின் தீராத கவலை. ஒரு குடும்பம் தன் இறந்தவரை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே அடக்கம் செய்ய முடிவெடுக்கும்போதுதான் அது பட்டாபிராம் குடும்பமாகிறது என்பது என் கணிப்பு. அப்படிச் சில கல்லறைகள் சேர்ந்த பிறகு அந்தச் சபையின் ஈஸ்டர் விடியலும் மாறிவிடும்.

பண்டிகை மேல் உலகம் வந்து மோதுவதும் உண்டு. 2019இல் தமிழ்நாட்டின் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். டீச்சர்களாக இருக்கும் சபைப் பெண்கள் பலர் திருவிருந்துக்குப் போகாமல் வாக்குச் சாவடியில் இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டில் அடுப்பு மூட்டிய நேரத்தில், இலங்கையிலிருந்து குண்டுவெடிப்புச் செய்தி வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை. சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள். அடுத்த வருஷம் ஏப்ரல் 12, 2020 அன்று ஊரடங்கு. கைப்பேசியில் ஆராதனையைப் போட்டுவிட்டு ஹாலில் குடும்பமாக உட்கார்ந்தார்கள். அன்று ஐக்கியம் காப்பாற்றப்பட்டது ஆலயத்தாலோ யூடியூபாலோ என்று நான் நம்பவில்லை. லெந்து வீட்டு ஜெபத்துக்காகப் போட்டிருந்த வாட்ஸ்அப் குழுக்கள்தான் அரிசியும் மருந்தும் யாருக்கு வேண்டும் என்று கேட்டன. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்குச் சம்பளம் வரவில்லை என்பது அந்தக் குழுக்களுக்கு முன்பே தெரியும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கூட்டம் குறைந்துவிடும். அன்று வாசிக்கப்படுவது தோமாவின் சந்தேகக் கதை, அவர் இறந்ததாக மரபு சொல்லும் பரங்கிமலை இங்கிருந்து அதிக தூரமில்லை. சந்தேகப்பட்ட அப்போஸ்தலரின் மண்ணில் அந்த வாசிப்புக்குப் பாதி பெஞ்சு காலியாகக் கிடப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். திருச்சபை நாட்காட்டிப்படி ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் நீள்கிறது. நடைமுறையில் அந்த ஐம்பது நாளை நிரப்புவது பிள்ளைகள்தான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிடும். 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகக் கோடையில் ஒரு பீர்க்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய பள்ளி இதன் முன்னோடிகளில் ஒன்று. இங்கே ஆலய வளாகத்து வேப்பமர நிழலில் செய்கைப் பாட்டு, கதை, கைவேலை, பத்தரைக்கு ரஸ்னாவும் பிஸ்கட்டும். பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள், ரஸ்னாவுக்காகவே வருகிறவர்களும் உண்டு. சொல்லிக்கொடுப்பது கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள். வீட்டு ஜெபத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்த அதே ஆட்கள்.

இப்போது இன்னொரு குடியேற்றம் நடக்கிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் இருபத்தொரு மாடி டைடல் பூங்கா திறந்தது. ராணுவத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஈஸ்டர் பெரிய பண்டிகை. அவர்களுக்கு இந்திப் பாட்டு வேண்டும் அல்லது தங்கள் தாய்மொழிப் பாட்டு வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன்பு நெல்லையிலிருந்து வந்த டர்னரை இங்குள்ள சபை எந்தப் பெஞ்சில் உட்காரவைத்தது என்பதை அவருடைய பேரன்கள் மறந்துவிட்டார்கள். பாடத் தெரியாத மொழியில் ஆராதனை நடக்கிற ஆலயத்துக்குப் புனித வெள்ளி அன்று ஒரு ஜார்க்கண்ட் பையன் வந்தால், மூன்று மணி நேரமும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கஞ்சி வரிசையில் நிற்பான். அவனிடம் பெயர் கேட்டு, எந்த ரூமில் தங்கியிருக்கிறான் என்று கேட்டு, அடுத்த வாரத்து வீட்டு ஜெபப் பட்டியலில் அந்தத் தெருவைச் சேர்ப்பது கமிட்டியின் வேலை. சில சபைகள் சேர்க்கத் தொடங்கியிருக்கின்றன.